ஆவடிக்குப் போன பாதி

எங்கள் அப்பா தக்காளியில் நாலு காசு பார்த்தார் என்றால் அது ஆவடியில் பார்த்த காசுதான். மண்டிக்கு ஏற்றிவிட்ட தக்காளி வீட்டுக்கு என்ன கொண்டுவரும் என்பது சீட்டைப் பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஒரே செடியில் ஒரே நாள் பறித்த பழம்தான். ஒரு பாதி கிழக்கே பட்டணத்துக்கு லாரியில் போனது, இன்னொரு பாதி வடக்கே ஆவடிக்கு அப்பாவின் டிவிஎஸ் 50-இல் போனது. இரண்டு பாதிக்கும் கிடைத்த காசில் இருந்த வித்தியாசம்தான் எங்கள் குடும்பத்தை அத்தனை வருஷம் விவசாயத்தில் நிறுத்திவைத்தது. சிறு விவசாயிக்குத் தக்காளி கட்டுப்படியாகுமா என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

பூந்தமல்லிக்கு மேற்கே, திருமழிசை தாண்டி வெள்ளவேடு போகிற ரோட்டிலிருந்து உள்ளே, நேமம் ஏரிப் பக்கம் எங்களுக்கு அறுபது சென்ட் கொல்லை இருந்தது. தனியாகக் கொஞ்சம் கழனி. கழனி நெல் சாப்பாட்டுக்கு. கைச்செலவுக்குப் பணம் கொல்லையிலிருந்துதான் வரவேண்டும். கிணறும் மோட்டாரும் சொந்தம். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம் என்றான பிறகு, தண்ணீர்ச் செலவு என்ற வரியே எங்கள் கணக்கிலிருந்து மறைந்துபோனது.

கொல்லை முழுக்கத் தக்காளி வைத்ததாக எனக்கு நினைவில்லை. இருபது சென்ட், மிஞ்சினால் முப்பது. மிச்சத்தில் கத்திரி, வெண்டை, வரப்போரப் பாத்திகளில் சிறுகீரையும் முளைக்கீரையும். கீரை விதைத்தால் ஒரு மாசத்துக்குள் காசு. தக்காளியோ நாற்று விட்டதிலிருந்து முதல் பறிப்புக்கே மூன்று மாசம் கேட்கும். அந்த மூன்று மாசம் வீட்டுக்கு உப்பும் புளியும் வாங்கிப் போட்டது அம்மாவின் கீரைக்கட்டு. தக்காளிக்கு மருந்தடிக்கப் பணம் வேண்டியபோது கொடுத்ததும் அதுவே. அப்பாவின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி ஊரில் பேசுவார்கள். அந்தக் கீரைப்பாத்தி இல்லாவிட்டால் அவர் மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பார். முன்பணம் வாங்கியவர் பழத்தை வேறு எங்கும் கொண்டுபோக முடியாது. கொடுத்தவர் சொன்னதுதான் விலை. எங்கள் சித்தப்பா அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

எங்கள் பக்கத்துத் தக்காளிக்கு ஒரு பெரிய சங்கடம் வெயில். பகலில் முப்பத்தைந்து டிகிரி தாண்டி, ராத்திரியும் ஆறாமல் புழுங்கினால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். சித்திரை வைகாசியில் செடி பச்சையாகத்தான் நிற்கும், காய் இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் மழைத்தண்ணீர் தேங்கி வேர் அழுகும். நடுவில் கிடைப்பது ஒரே ஒரு இடைவெளி. மழை விட்டதும் நாற்று விட்டு, மார்கழிக் கடைசியில் நட்டு, மாசிக் கடைசியிலிருந்து சித்திரை பிறக்கும்வரை பறிக்கவேண்டும். அதே நேரத்தில்தான் எல்லா ஊரிலும் தக்காளி வந்து குவியும். மதனப்பள்ளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். கோலார் அதைவிட மேடு. அங்கே வெயில் காலத்திலும் ராத்திரியில் குளிரும், பூ நிற்கும். ஆனி ஆடியில் விலை ஏறும்போது அவர்கள் கையில் பழம் இருக்கும். எங்களிடம் பழம் இருக்கும்போது விலை இருக்காது. விலை இருக்கும்போது கொல்லையில் தக்காளிச் செடியே இருக்காது.

இந்த நிலையில் எங்களுக்கு ஒரே காப்பு நாட்டுத் தக்காளியின் மெல்லிய தோல். சென்னையில் காய்கறி வாங்குகிற எவருக்கும் தெரியும், நாட்டுத் தக்காளி என்றும் நவீன் தக்காளி என்றும், பெங்களூர்த் தக்காளி என்றும் பிரித்துத்தான் விலை சொல்வார்கள். நாட்டுப்பழம் புளிப்பும் சாறும் நிறைந்தது. ரசத்துக்கும் குழம்புக்கும் அதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். தோல் மெலிசு, லாரியில் இருநூறு கிலோமீட்டர் உருண்டால் கசிந்து பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும். கெட்டித்தோல் ஹைபிரிட் பரவாத வரைக்கும் தூரத்து ஊர்க்காரர் இந்தப் பழத்தோடு எங்கள் தெருக்களுக்கு வந்து போட்டி போடுவது கஷ்டமாக இருந்தது. பறித்த அன்றே சாப்பிடுகிறவர் கைக்குப் போய்ச் சேரவேண்டிய பழம் அது. எங்களுக்கோ ஆவடி அரைமணி நேரம்.

பறிப்பு நாளில் விடியுமுன்னே கொல்லையில் இருப்போம். பனி இறங்கிய செடியில் கைவைத்தால் விரலெல்லாம் பச்சை மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். சோப்புக்கும் போகாது, காய் ஒன்றை நசுக்கித் தேய்த்தால்தான் போகும். பள்ளிக்கூடத்தில் என் விரலைப் பார்த்தே டீச்சர் கண்டுபிடித்துவிடுவார், இன்று எங்கள் வீட்டில் பறிப்பு என்று. பறித்ததை மோட்டார் கொட்டகைத் திண்ணையில் கொட்டி அம்மா பிரிப்பாள். நன்றாகச் சிவந்தது தனி. செங்காய் தனி. வெடித்தது, புழு துளைத்தது, பொடிசு எல்லாம் இன்னொரு பக்கம். செங்காயைக் கூடையின் அடியில் வைத்து மேலே பழம். செங்காய் இரண்டு நாள் தாங்கும் என்பதால் வாரக்கடைசிக்கு வாங்குகிறவர்களுக்கு அது. வெடித்த பழத்தையும் அம்மா ஒதுக்கமாட்டாள். ஆவடியில் மெஸ் நடத்தின ஒரு பெண்மணி, காலை பதினோரு மணிக்குள் கொண்டுபோனால் அத்தனையையும் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார். அதைச் சட்னிக்கு அரைத்துவிடுவார்கள்.

அப்பா போவது டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பக்கம். கனரக வாகனத் தொழிற்சாலை என்று பலகையில் இருக்கும், 1960-களில் வந்தது, விஜயந்தா டாங்கி அங்கேதான் உருவானது. எங்களுக்கு அது சம்பளத் தேதி தவறாத ஆயிரக்கணக்கான வீடுகள். பள்ளி லீவு நாளில் நானும் கூடப் போவேன். தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

"என்னப்பா, மார்க்கெட்லயும் மூணு ரூபாதான். நீயும் அதே சொல்றியே?"

"மார்க்கெட்டுப் பழம் முந்தாநாள் பறிச்சதும்மா. இது காலைல பறிச்சது. காம்பைப் பாருங்க, வாடவே இல்ல."

அந்தம்மா காம்பைப் பார்ப்பார், ஒன்றைத் திருப்பி மூக்கருகே கொண்டுபோவார், இரண்டு கிலோ என்பார். அப்பா நிறுத்தபின் ஒரு பழம் கூடப் போடுவார். மாசம் முதல் வாரம் விலையைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லலாம். இருபதாம் தேதிக்குமேல் பழத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றாம் தேதி காசை வாங்கிக்கொள்வார். நோட்டில் எழுதமாட்டார்; அவர்களும் மறக்கமாட்டார்கள். ஏமாற்றியவர் என்று அப்பா யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு வருஷம் பயிர் பூச்சியில் போனபோது, அந்த வீடுகளில் 'தக்காளி ஏன் கொண்டு வரல' என்று கேட்டுக் கத்திரியை வாங்கிக்கொண்டார்கள். வாடிக்கை என்பது பயிர் போன வருஷத்திலும் கையில் நிற்கிற சொத்து. எந்த வங்கியும் அதை அடமானமாக எடுத்துக்கொள்ளாது.

ஆனால் ஒரு மனிதன் ஒரு வண்டியில் எவ்வளவு விற்கமுடியும்? பங்குனியில் பழம் மொத்தமாகத் திரண்டு வரும். நாளைக்கு என்று செடியில் விட்டால் வெடிக்கும். ஆவடி கொள்ளாத மிச்சத்தைத்தான் ஊர்ப் பொதுவில் பேசி வைத்த லாரியில் ஏற்றினோம். முதலில் கொத்தவால் சாவடிக்கு; 1996-க்குப் பிறகு கோயம்பேட்டுக்கு. மண்டி ஜார்ஜ் டவுனிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறியபோது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். பூந்தமல்லி ஹைரோட்டில் நேராகப் போனால் வந்துவிடும், வாடகை குறையும் என்று கணக்குப் போட்டார்கள். வாடகை குறைந்தது நிஜம். விலை மட்டும் கோலார் லோடு எத்தனை வந்தது என்பதைப் பொறுத்தே நின்றது. ஒருநாள் அப்பாவோடு ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே நின்றிருக்கிறேன். எங்கள் கூடைகளை ஓரம்கட்டிவிட்டு, மண்டிக்காரர் அப்பாவின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "என்ன பண்றது அண்ணே, இன்னிக்கு வரத்து ஜாஸ்தி. கேட்ட விலைக்குக் குடுத்துட்டுப் போங்க, காலைல இதுவும் கிடைக்காது." அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. யாரும் பொய் சொல்லாமலே, யாரும் எடையில் ஏமாற்றாமலே, எங்கள் பழத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஏன் மிஞ்சவில்லை என்பதை நான் கணக்கு வேலைக்குப் போன பிறகுதான் முழுக்கப் புரிந்துகொண்டேன். சுமாராக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோயம்பேட்டுப் பெட்டி 14 கிலோ என்று வையுங்கள். பறிப்புக்கூலி பெட்டிக்கு 25 ரூபாய், வண்டி வாடகை 20, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 8, நூற்றுக்குப் பத்து கமிஷன். கிலோ 6 ரூபாய்க்குப் போனால் பெட்டிக்கு 84 ரூபாய். செலவெல்லாம் போக 22 ரூபாய் 60 காசு கைக்கு வரும். இதில்தான் உழவு, எரு, நாற்று, மருந்து, களையெடுப்பு அத்தனையும் அடங்கவேண்டும். கிலோ 4 ரூபாய்க்கு விழுந்தால் பெட்டிக்கு 56 ரூபாய். செலவு 58 ரூபாய் 60 காசு. பறித்து அனுப்பினால் கையிலிருந்து போகும். ரோட்டோரம் தக்காளியைக் கொட்டுகிறார்கள், செடியிலேயே விட்டு மாட்டை மேய விடுகிறார்கள் என்று செய்தி வரும்போது, கோபத்தில் செய்கிறார்கள் என்று பட்டணத்தில் நினைக்கிறார்கள். கோபம் இருக்கலாம். அதற்குமுன் அது கணக்கு.

அதே பெட்டி கிலோ 40 ரூபாய்க்குப் போனால்? 560 ரூபாயில் கமிஷனும் கூலியும் போக 451 ரூபாய் மிஞ்சும். விலை ஏழு மடங்குகூட ஏறவில்லை. கையில் நிற்பது இருபது மடங்கு ஏறிவிடுகிறது. ஒரு வருஷம் இப்படி அடித்தவர் அடுத்த வருஷம் கடன் வாங்கி இரண்டு ஏக்கரில் போடுவதும், எல்லாரும் போட்டதால் விலை கவிழ்வதும் இதனால்தான். பேராசை என்று சொல்லிவிடுவது எளிது. மூன்று வருஷக் கடனை ஒரு போகத்தில் அடைக்க வேறு எந்தப் பயிர் வழிகாட்டுகிறது?

அப்பா பிழைத்தது, இந்தக் கணக்கின் செலவு வரிகளில் பாதி அவர் நோட்டில் இல்லாததால். ஆவடிக்குப் போன பாதிக்குக் கமிஷன் கிடையாது, லாரி கிடையாது, இறக்குக்கூலி கிடையாது. பெட்ரோல் மட்டும். விலையும் மண்டி விலை கிடையாது, வீட்டு வாசல் விலை. தக்காளி விளைவித்ததற்கு அவருக்குக் கிடைத்த லாபம் சொற்பம். அதைச் சமையலறை வரைக்கும் கொண்டுபோனதற்குக் கிடைத்ததுதான் எங்களைப் படிக்கவைத்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 2003, 2004-இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். குடிநீர் வாரியமே கொசஸ்தலையாற்றுப் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து தண்ணீரை விலைக்கு வாங்கியது. தனியார் டேங்கர் லாரிகள் எங்கள் பக்கமும் வந்தன. பக்கத்துக் கொல்லைக்காரர் கிணற்றை லாரிக்காரர்களுக்கு விட்டார். நிழலில் உட்கார்ந்து நடைக் கணக்குப் பார்த்த அவருக்கு வந்த பணம், அதே தண்ணீரைப் பாய்ச்சித் தக்காளி எடுத்த எங்களுக்கு வந்ததைவிட அதிகம். எங்கள் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது, கூடவே மற்ற கம்பெனிகளும். காலை ஐந்து மணிக்கெல்லாம் வேன் வந்து ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். குனிந்து பறிக்கிற வேலையைவிட அது மேல். அப்பாவுக்குப் பறிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் மனைக்கல் நட ஆள் மட்டும் தாராளமாகக் கிடைத்தார்கள். 2010-க்குள் எங்கள் கொல்லையும் மனையாகிவிட்டது. வந்த பணத்தை வங்கியில் போட்டால் வருகிற வட்டி, தக்காளியும் கத்திரியும் கீரையும் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகம். அப்பா செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அந்த விலையைப் பார்த்தபின்னும் விற்காதே என்று அவரிடம் சொல்லும் உரிமை, பெட்டிக்கு 22 ரூபாய் கொடுக்கிற எவருக்கும் கிடையாது.

2020 மே மாதம் மண்டி இரண்டாம் தடவையாக எங்களைத் தேடி வந்தது. கோயம்பேட்டில் கொரோனா பரவி, மே 5-ஆம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். சில நாளில் காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. அப்பாவின் கொல்லை இருந்த இடத்துக்குச் சில கிலோமீட்டர் கிழக்கே, திறந்த மைதானத்தில் தகரக் கொட்டகை வரிசை. நான் அம்பத்தூரில் இருந்தேன். எங்கள் தெருக் காய்கறிக்கடைக்காரர் தன் குட்டியானையில் கொள்முதலுக்குப் போனபோது, எங்கள் குடியிருப்புக்கும் சேர்த்து வாங்க அவரோடு போனேன். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, கர்நாடகா நம்பர் லாரிகளும் ஆந்திரா நம்பர் லாரிகளும் வரிசையாக நின்றன. முந்தின ராத்திரி மழை. டயர் பாதிவரை சேற்றில் இறங்கியிருந்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவர் ஒவ்வொரு அடியையும் சேற்றிலிருந்து பிடுங்கி எடுத்து வைத்தார். விற்காத தக்காளி ஒரு மூலையில் மலையாகக் கிடந்து புளித்த வாடை வீசியது. ஓட்டல் இல்லை, கல்யாணம் இல்லை, சில்லறை வியாபாரிகளில் பாதிப் பேர் வரவில்லை.

அங்கே நின்றபோது நம் கொல்லை இப்போது இருந்திருந்தால் என்ற எண்ணம் வரத்தான் செய்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க யார் வந்து வாங்கறாங்க? வீட்டுக்காரங்களா, யாவாரியா?" வியாபாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி என்றேன். "அப்போ நமக்கு என்ன? லாரி வாடகை மிச்சம். அவ்ளோதான்." கோலாரிலிருந்து வருகிறவருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் மண்டியில் ஒரே விலைதான், பழம் தின்கிறவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் விவசாயிக்கு அந்த அருகாமையால் பிரயோஜனம். மொத்த வியாபாரம் செப்டம்பர் 28-இல் கோயம்பேட்டுக்கே திரும்பிவிட்டது.

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது எல்லாரும் தக்காளியைப் பற்றிப் பேசினார்கள். கூட்டுறவுத் துறை பண்ணைப் பசுமைக் கடைகளிலும், பிறகு சென்னையின் 82 ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. நல்ல காரியம், நானும் வரிசையில் நின்று வாங்கினேன். செப்டம்பரில் விலை கவிழ்ந்து தோட்டத்தில் கிலோ பத்து ரூபாய்கூடக் கிடைக்காமல் போனது. அப்போது வரிசை எங்கும் இல்லை. 2018 மத்திய பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கென்று 500 கோடி ரூபாயில் ஆபரேஷன் கிரீன்ஸ் அறிவித்ததே இந்த ஏற்ற இறக்கத்துக்குத்தான். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, தக்காளிக்கு நாம் கொடுக்கிற ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது ஏறக்குறைய 33 பைசா என்கிறது. அப்பாவின் ஆவடிப் பாதியில் பெட்ரோல் போக ரூபாய் முழுசும் எங்களுடையது. குளிர்சாதனக் கிடங்கு கட்டுங்கள் என்று சொல்கிறவர்கள் பழுத்த தக்காளி அதில் எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு விவசாயியைக் கேட்கவேண்டும். சாஸ் கம்பெனிக்கு வேண்டியது சதைப்பற்றுள்ள வேறு ரகம், அதுவும் மலிவாக. எனக்குத் தெரிந்து சிறு விவசாயிக்கு அந்த 67 பைசாவில் கொஞ்சத்தை மீட்டுக்கொடுத்த அரசுத் திட்டம் ஒன்றுதான்: 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை. அடையாள அட்டை, தினமும் பலகையில் எழுதும் விலை, கமிஷன் இல்லாத தராசு. 2001-இல் ஆட்சி மாறியதும் வாடவிட்டார்கள், 2006-இல் மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். ஒரு கட்சியின் திட்டமாகப் பார்த்ததில் அத்தனை வருஷம் வீண்.

அம்பத்தூர் உழவர் சந்தையில் நான் வழக்கமாக வாங்குகிற அக்கா திருவள்ளூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறார். முக்கால் ஏக்கர். விடிகாலையில் கிளம்பிப் பத்து மணிக்குள் விற்றுவிட்டுத் திரும்பினால்தான் மதியம் தண்ணீர் பாய்ச்ச முடியும். போன பங்குனியில் அவர் கடையில் தக்காளி குறைவாகவும் கத்திரி அதிகமாகவும் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"பத்து சென்ட்தான் போட்டேன்மா. இங்க வர்ற ஜனம் எவ்ளோ வாங்குமோ அவ்ளோதான் போடணும். அதுக்கு மேல போட்டா அது மண்டிக்காரனுக்குப் போட்ட மாதிரி."

பதினொன்றாவது சென்ட்டிலிருந்து அவர் வெண்டை வைத்திருக்கிறார்.